ஈரச் சாக்கு

டாக்டர் லிபியா மெடெயின் நகரத்திலிருந்து போன் செய்தபோது எலாதியோ பலோமெக்கே கொக்கோ காயப்போடும் மரத்தட்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மாதமாகப் போனை எடுத்தாலே "மனசைத் தேத்திக்குங்க" என்றுதான் எல்லாரும் ஆரம்பித்தார்கள். அவருக்கும் "ஆகட்டும், ஆகட்டும்" என்று சொல்லிச் சொல்லி வாய் மரத்துப்போயிருந்தது. இந்த அம்மாள் அப்படி ஆரம்பிக்கவில்லை. மகளுக்குப் பாடம் சொன்ன பேராசிரியர். அடக்கத்தன்று ஒரு மூலையில் நின்று, யாரிடமும் பேசாமல் அழுதுவிட்டுப் போனவர்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. யாதிரா கடைசியா ஊருக்கு வந்தப்ப வாளி ஏதாச்சும் கொண்டு வந்தாளா? மூடி போட்ட வெள்ளை வாளி?"

"ரெண்டு," என்றார் எலாதியோ.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இப்பவும் இருக்கா ஐயா?"

"என்ன டாக்டரம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! எம்பொண்ணு வச்சிட்டுப் போனது எங்க போயிரும்? ஒரு பொட்டு சிந்தல. கண்ணுல வச்சுக் காப்பாத்திட்டிருக்கேன்."

"உறைய விட்டுடலையே?"

"அதான் மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்காளே, உறைய விடாதேன்னு. நான் உறைய விடுவனா?"

"நீங்க நல்லா இருக்கணும் ஐயா. நல்லா இருக்கணும்." டாக்டர் லிபியாவின் குரல் உடைந்துவிட்டது. கொஞ்சம் தேறிய பிறகு விஷயத்தைச் சொன்னார். யாதிராவின் ஆராய்ச்சி முடிந்தது மாதிரிதான். கடைசி அத்தியாயத்துக்குச் சில அளவுகள் மட்டும் பாக்கி. முடிக்கும் தறுவாயில் இறந்துபோனவர்களுக்கு, மிச்சத்தைக் கூடப் படித்தவர்கள் செய்து கொடுத்தால், டாக்டர் பட்டம் கொடுக்கலாம் என்று பல்கலைக்கழகத்தில் ஒரு விதி இருக்கிறது. ஆனால் அளக்க வேண்டியது அவள் கையால் செய்து அந்த வாளிகளில் அடைத்த கூழைத்தான். இன்னொருவர் புதிதாகச் செய்யவும் வழியில்லை. கடைசிச் சுற்றில் அவள் எதை எப்படி மாற்றினாள் என்று எழுதியிருந்த நோட்டு, மண்சரிவில் அவளோடு, பஸ்ஸோடு மண்ணுக்குள் போய்விட்டது.

"நவம்பர்ல பட்டமளிப்பு ஐயா. 'டாக்டர் யாதிரா பலோமெக்கே'ன்னு மைக்ல கூப்பிடுவாங்க. நீங்கதான் மேடைக்கு வந்து வாங்கிக்கணும். நான் சனிக்கிழமை நேர்ல வந்து வாளியை எடுத்துக்கறேன்."

போனை வைத்த பிறகு அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கழுவிய தட்டையே மறுபடி கழுவினார். அப்புறம் அதை அப்படியே போட்டுவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எமில்சேயின் வீட்டுக்கு ஓடினார். எமில்சே அவர் மனைவியின் தங்கை. மனைவி போய்ச் சேர்ந்த பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டுக்கும் சேர்த்துக் குழம்பு வைப்பவள், இந்த வீட்டுக்கும் சேர்த்துச் சண்டை போடுபவள். வாழைக்காய் பேக்கிங் கொட்டகையில் அவருக்கு எதிர் வரிசையில் நின்று பழத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள்.

விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அழுதாள். அழுது முடித்ததும் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் மச்சான், மேடைக்கு என்னத்த மாட்டிட்டுப் போவீங்க? இந்த ரப்பர் பூட்ஸையா?"

"கல்யாணத்துக்கு வாங்குன ஷூ இருக்கே."

"ஆமா, இருக்கு. அதுல எலி குட்டி போட்டு, அந்தக் குட்டி குட்டி போட்டாச்சு. என் தங்கம் பேரைக் கூப்பிடுற இடத்துல நீங்க கொட்டகையில இருந்து ஓடி வந்தவரு மாதிரி நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அந்த வாரம் முழுக்க எலாதியோ வேலைக்கு நடுவே உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். டாக்டர் யாதிரா பலோமெக்கே. டாக்டர் யாதிரா பலோமெக்கே. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வேலை செய்ய முடிந்தது. அதுவே அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அவருடைய வேலை இதுதான். தோட்டத்திலிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டு வரும் தாரிலிருந்து வளைந்த கத்தியால் சீப்புகளை அறுத்துத் தண்ணீர்த் தொட்டியில் விடுவார். மிஞ்சும் தண்டைப் பின்னால் குப்பையில் எறிவார். முப்பத்தோரு வருஷம் எறிந்திருக்கிறார். அவர் எறிந்த தண்டை அடுக்கினால் அவர் ஊரான கரேப்பாவிலிருந்து கடல்வரைக்கும் போகும். அதைப் போய் யாராவது வந்து கேட்பார்கள் என்று எந்த மனிதனுக்குத் தோன்றும்? கேட்டவள் சொந்த மகள்.

"அப்பா, இந்தத் தார்த்தண்டு எனக்கு வேணும்."

"எதுக்கு? மாட்டுக்கா?"

"எனக்குத்தான்."

"ஏம்மா, பல்கலைக்கழகத்துல சோறு போடலையா?"

கொட்டகையே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குக் 'குப்பை டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். அவளும் சளைக்கவில்லை. "சிரிங்க, சிரிங்க. ஒருநாள் நீங்க எறியுற குப்பையைக் கைகூப்பி வாங்கிட்டுப் போக வெளிநாட்டுக்காரன் வருவான். அப்ப இந்த டாக்டர்கிட்டதான் சீட்டு வாங்கணும்," என்பாள். ஆறு வருஷம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர் பச்சைத் தண்டாகப் பார்த்துப் பத்துப் பதினைந்து பொறுக்கி மெடெயின் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அதற்கு அவள் போட்ட சட்டதிட்டம் ஒன்றா, இரண்டா! அன்றைக்கு அறுத்ததாக இருக்க வேண்டும், வெயில் படக் கூடாது, சாக்கை நனைத்து மூட வேண்டும்.

"சாக்கு ஈரமா இருக்கணும்ப்பா. பஸ் ஏத்துறதுக்கு முன்னாடி இன்னொருக்கா நனைச்சிடு."

"ஆகட்டும் மகாராணி. விசிறியும் கொண்டாந்து வீசி விடட்டுமா?"

கீரைக்காரி கீரை வாடாமல் தண்ணீர் தெளிக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டார். அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. மகள் சொன்னாள், செய்தார்.

அந்தத் தண்டை அவள் காரத் தண்ணீரில் வேக வைப்பாள், வெளுப்பாள், கழுவுவாள், மறுபடி கழுவுவாள். பிறகு சோளம் அரைக்கிற மில் மாதிரி இரண்டு கல் சுற்றும் ஒரு மெஷினில் முப்பது தடவை விட்டு அரைப்பாள். கடைசியில் வெள்ளை வெளேரென்று ஒரு கூழ் வரும். அதற்குள் இருக்கும் நார் கண்ணுக்கே தெரியாது. நானோ நார் என்றாள். ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஆயிரக்கணக்கில் பிளந்தால் எவ்வளவு மெல்லிசோ, அவ்வளவு மெல்லிசாம்.

"அப்புறம் அதை எவன் பாப்பான்?"

"அதுக்குன்னு மைக்ராஸ்கோப்பு இருக்குப்பா. எடைக்கு எடை வச்சா இரும்பைவிடக் கெட்டி, தெரியுமா? உன் குப்பைக்குள்ள இவ்வளவு நாளா அதுதான் ஒளிஞ்சிட்டிருந்துச்சு."

ஒரு தடவை விடுமுறைக்கு வந்தவள், அவர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தபோது ஒரு டம்ளர் நிறைய அந்தக் கூழை எடுத்துவந்து, "அப்பா!" என்று கூப்பிட்டு, அவர் நிமிர்வதற்குள் டம்ளரைத் தலைக்குமேல் கவிழ்த்தாள். "அடிப் பாவி!" என்று அலறிக்கொண்டு எழுந்தார். ஒன்றும் விழவில்லை. கூழ் டம்ளருக்குள் அப்படியே தலைகீழாக நின்றது. யாதிரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வெறும் தண்ணிப்பா. ஆனா விழாது. நார் புடிச்சு வச்சிருக்கு."

இந்த வருஷம் பல்கலைக்கழகத்தில் ஸ்டிரைக். அங்கே அடிக்கடி அதுதானே பிழைப்பு! ஒருத்தன் கேட்டைப் பூட்டினான், இன்னொருத்தன் கரண்டைப் பிடுங்குவேன் என்றான். ஆறு வருஷத்து உழைப்பைப் பூட்டிய கட்டடத்தில் விட்டுவிட்டு வர அவளுக்கு மனசு வரவில்லை. கடைசியாகச் செய்த கூழை இரண்டு வாளியில் அடைத்து, ஐஸ் கட்டி, மடியில் வைத்த குறையாக எட்டு மணி நேரம் பஸ்ஸில் கொண்டு வந்தாள். அப்பாவின் ஃப்ரிட்ஜில் இருந்த மீனையும் பாலையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அவற்றை உள்ளே வைத்தாள்.

"லேப்பைவிட நம்ம வீடுதாம்ப்பா பத்திரம். எல்லாத்தையும் இதுலதான் வச்சிருக்கேன். பாத்துக்கோ."

"மீனு கெட்டுப்போகுமேடி."

"மீனைத் தின்னு. இதைத் தொடாத."

நாலு நாள் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினாள். சம்பளத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள், அதற்கு லீவு கிடையாது. மலைப்பாதையில் பாதி வழியில் மண் சரிந்தது. பாவி மழை ஒரு வாரமாக மலையை ஊற வைத்துவிட்டு, சரியாக அந்தப் பஸ் வரும்வரைக்கும் காத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள்தான் அவளை எடுத்தார்கள்.

அவர் அழவில்லை. அடக்கத்திலும் அழவில்லை, வீட்டில் ஒன்பது நாள் நடக்கும் நவநாள் ஜெபம் ஆரம்பித்தபோதும் அழவில்லை. பீடத்தில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஊர்ப் பெண்கள் பாட்டுப் பாடி ஒப்பாரி வைத்தார்கள். அவர் வந்தவர்களுக்குக் கடுங்காப்பி கொடுத்துக்கொண்டே இருந்தார். "மனுஷன் கல்லாயிட்டாரு" என்று காதுபடப் பேசினார்கள். நவநாளின் மூன்றாம் நாள் அடித்த சூறைக்காற்றில் வாழையெல்லாம் படுத்தது. கரண்டுக் கம்பமும் படுத்தது. கரண்டு போனது போனதுதான். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். உராபா வட்டாரத்தின் புழுக்கத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் குளிர் இல்லை, அடுப்பாங்கரை வெக்கைதான் உள்ளேயும் இருந்தது.

நாலாம் நாள் காலையில் வாளி மூடியைத் திறந்தார். லேசாகப் புளித்த வாடை வந்தது. ஓரத்தில் ஒரு விரற்கடை அளவுக்கு இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது.

"கொட்டிருங்க மச்சான்," என்றாள் எமில்சே. "பாத்துப் பாத்து மனசு வேகாதீங்க."

"கொட்டுறதா? என்ன பேச்சு பேசுற!"

மண்ணுக்குள் போனவளைத்தான் அவரால் காப்பாற்ற முடியவில்லை. இதையாவது காப்பாற்ற வேண்டாமா? இந்த ஊரில் ஒரு பொருளை அழுகாமல் காப்பாற்ற எல்லாருக்கும் தெரிந்த வழி ஒன்றுதான். மீனோ, கொக்கோவோ, காயப் போட்டால் நிற்கும், ஈரமாக விட்டால் போகும். கொக்கோ காயப் போடும் தட்டைக் கழுவித் துடைத்தார். பூத்திருந்த ஓரத்தைக் கரண்டியால் வழித்தெடுத்தார். மீதிக் கூழைத் தட்டின்மேல் ஊற்றி, கரண்டியின் பின்பக்கத்தால் அடைக்குத் தேய்ப்பதுபோல மெல்லிசாகத் தேய்த்தார். உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அவர் வெயிலில் மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்க்கத் தேய்க்கத்தான் அழுகை வந்தது. வாய்விட்டு, மூக்கு ஒழுக, எம்மா எம்மா என்று அழுதார். எமில்சே வந்து பார்த்துவிட்டு, தடுக்காமல் திரும்பிப் போனாள். பெரியவர் ஒருவழியாக அழுதுவிட்டார் என்று உள்ளே சொன்னாள்.

மூன்று நாள் அவர் தட்டை விட்டு அகலவில்லை. மேகம் கறுத்தால் தட்டுக்குமேல் நகரும் தகரக் கூரையை இழுத்து மூடினார், வெயில் வந்தால் தள்ளித் திறந்தார். இரண்டு வாளிக் கூழும் வற்றி வற்றிக் கடைசியில் காகிதம் மாதிரி ஆறு தகடாக வந்தது. கண்ணாடிபோல வெளிச்சம் புகுந்தது. மடக்கினால் உடையவில்லை, கிழித்தால் கிழியவில்லை. இரும்பைவிடக் கெட்டி என்று அவள் சொன்னது இதைத்தான் போல என்று நினைத்தபோது அவருக்குப் பெருமையாக இருந்தது. நவநாள் முடிந்து பீடத்தைப் பிரித்ததும், அந்த வெள்ளைத் துணியிலேயே தகடுகளைச் சுற்றி, எறும்பு அண்டாத அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

சனிக்கிழமை நண்பகலுக்கு டாக்டர் லிபியா வந்தார். ஜீப்பின் பின்னால் பெரிய ஐஸ்பெட்டி ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். எமில்சே தேங்காய்ச் சோறும் பொரித்த மீனும் தட்டி வறுத்த வாழைக்காயும் செய்திருந்தாள். எலாதியோ புதுச் சட்டையில் நின்றார். ஐஸ்பெட்டியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்குப் போயி ஐஸ்பெட்டியா டாக்டரம்மா! மடிச்சுக் கைப்பையில வச்சிட்டுப் போலாம்."

டாக்டர் லிபியாவும் சிரித்தார், ஏதோ வேடிக்கை என்று. "சாப்பாடு அப்புறம் ஆகட்டும் ஐயா. முதல்ல அதைக் கண்ணால பாத்துர்றேன்."

எலாதியோ அலமாரியைத் திறந்தார். துணிமூட்டையை இரண்டு கையிலும் ஏந்தி வந்து மேசையில் வைத்து, ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த குழந்தையைத் திறந்து காட்டுவதுபோல ஒவ்வொரு மடிப்பாக விலக்கினார்.

"ரெண்டு வாளியும் இதுல இருக்கு. ஒரு பொட்டு வீணாகல. கரண்டு போயி அழுகப் பாத்துச்சு, விடல நான். வெயில்ல காயவச்சு எடுத்துட்டேன்."

டாக்டர் லிபியா மேல் தகட்டைத் தொட்டார். விரல் அதிலேயே நின்றது. முகத்தில் இருந்த சிரிப்பு போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"நல்லா... நல்லா வச்சிருக்கீங்க ஐயா," என்றார். "நான் எடுத்துட்டுப் போறேன். சாப்பிடலாமா?"

எலாதியோ முப்பது வருஷமாகக் கொக்கோ விற்கிறவர். வியாபாரி மூட்டையில் கைவிட்டு ஒரு கொட்டையை எடுத்து, நறுக்கிப் பார்த்து, பூஞ்சணம் கண்டால் முதலில் இப்படித்தான் ஒன்றும் சொல்லாமல் வேறு பேச்சுப் பேசுவான்.

"டாக்டரம்மா. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல ஐயா."

"நான் படிக்காதவன். ஆனா குருடன் இல்ல. சொல்லுங்க."

டாக்டர் லிபியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஈரமா இருக்குற வரைக்கும்தான் ஐயா ஒவ்வொரு நாரும் தனித்தனியா நிக்கும். நடுவுல தண்ணி இருக்கும். தண்ணி போயிட்டா ஒண்ணை ஒண்ணு கட்டிப் புடிச்சுக்கும். அப்புறம் விடாது."

"தண்ணி ஊத்துனா?"

"விடாது ஐயா."

"நாள் பூரா ஊற வச்சா? சுடுதண்ணி?"

"என்ன செஞ்சாலும் பழையபடி வராது. அவ செஞ்சது இதுக்குள்ளதான் இருக்கு. ஆனா எங்களால பாக்க முடியாது, அளக்க முடியாது."

எமில்சேக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "கரண்டு இல்லாத வீட்டுல மனுஷன் வேற என்ன பண்ணுவாரு? பச்சப்புள்ள மாதிரி மூணு நாளு காவல் காத்தாரு! நீங்க ரெண்டு மாசம் கேட்டைப் பூட்டிட்டு உக்காந்திருந்தீங்க. அப்ப ஒரு போன் போட உங்க கை முறிஞ்சா போச்சு?"

"லேப்லதான் இருக்குன்னு நெனச்சிட்டேன்க்கா. போன வாரம் கதவைத் திறந்தப்பதான் தெரிஞ்சுது."

எலாதியோ உள்ளே போய் வாளி மூடிகளைக் கொண்டு வந்தார். அவற்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். மகளின் கையெழுத்து அதில் இருந்ததே. "பாருங்க. குளிர்ல வைக்கவும், உறைய விடாதேன்னு போட்டிருக்கு. காய விடாதேன்னு போடலையே? போட்டிருந்தா நான் செஞ்சிருப்பனா?"

"போட மாட்டோம் ஐயா. எங்க லேப்ல யாருமே அதை எழுத மாட்டாங்க. வந்த முதல் நாளே நான் சொல்லிக் குடுத்துருவேன், அதோட சரி. மூச்சு விடுன்னு யாராச்சும் எழுதி ஒட்டுவாங்களா? அப்படி ஆயிடுச்சு எங்களுக்கு." டாக்டர் லிபியா அழ ஆரம்பித்தார். "போன்லயும் உறைஞ்சிடுச்சான்னுதான் கேட்டேன். இதைக் கேக்கத் தோணலையே."

"காயப் போடாம விட்டிருந்தா அழுகிப் போயிருக்கும்ல?"

"ஆமா ஐயா," என்றார் டாக்டர் லிபியா, ரொம்ப வேகமாக. "கண்டிப்பா அழுகிப் போயிருக்கும்."

அது பொய் என்று எலாதியோவுக்குப் புரிந்தது. கொஞ்சம் புளித்தால் என்ன, கழுவி எடுத்திருப்பார்கள். பத்துத் தடவை கழுவுகிற வேலைதானே மகள் அங்கே செய்துகொண்டிருந்தாள்.

அவர் ஒரு தகட்டை எடுத்துக் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கினார். டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். கரண்டியால் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார். சோறு ஆறியது, மீன் ஆறியது. இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் இருக்கும். துண்டுகள் ஊறித் துவண்டு டம்ளரின் அடியில் கிடந்தன. பிறகு அவர் டம்ளரைத் தூக்கித் தன் தலைக்குமேல் கொண்டுபோய்க் கவிழ்த்தார்.

தண்ணீர் மொத்தமும் அவர் தலையில் கொட்டியது. முகத்தில் வழிந்து புதுச் சட்டையை நனைத்தது. துண்டுகள் தோளில் ஒட்டிக்கொண்டு நின்றன.

"மச்சான்!" என்று எமில்சே ஓடிவந்து தன் மேல்துணியால் துடைத்தாள். அவர் துடைக்க விட்டுக்கொண்டு அப்படியே நின்றார்.

"அப்ப பேரு கூப்பிட மாட்டாங்க," என்றார்.

டாக்டர் லிபியா தலையை ஆட்டினார். "நினைவு அஞ்சலின்னு ஒரு காகிதம் தருவாங்க ஐயா. பட்டம் வராது."

"காகிதம்தான் எங்கிட்டயே இருக்கே," என்றார் எலாதியோ, மேசையில் இருந்த தகடுகளைப் பார்த்துக்கொண்டு. சாயங்காலத்துக்கு முன்பே டாக்டர் லிபியா காலி ஐஸ்பெட்டியோடு கிளம்பிப் போனார்.

அடுத்த வாரம் வேலைக்குப் போனார். போகாமல் என்ன செய்வது, வீட்டில் உட்கார்ந்தால் அலமாரிதான் கண்ணில் படும். வியாழக்கிழமை கப்பல் சரக்கு அதிகம். தார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியில் வந்தன. அறுத்தார், விட்டார், எறிந்தார். பத்து மணி வாக்கில் ஒரு நல்ல தண்டு வந்தது. தடியாக, பச்சையாக, ஒரு கீறல் இல்லாமல். அவர் கை அதை எறியவில்லை. ஆறு வருஷப் பழக்கம், கை தன்பாட்டுக்குச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தது. பிறகு கொடியில் கிடந்த சாக்கை எடுத்துத் தொட்டியில் முக்கி, பிழிந்து, தண்டின்மேல் விரித்தது.

விரித்த கை நின்றுவிட்டது.

சாக்கு ஈரமா இருக்கணும்ப்பா. பஸ் ஏத்துறதுக்கு முன்னாடி இன்னொருக்கா நனைச்சிடு. வெயில் படக் கூடாதுப்பா. ஒரு வியாழன் விடாமல் சொல்லியிருந்தாள். மழை நாளில்கூடப் போன் போட்டுச் சொல்லியிருந்தாள். மகாராணி, விசிறி என்று இவர் கேலி செய்த ஒவ்வொரு தடவையும் அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எலாதியோ அந்த ஈரச் சாக்கின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். கம்பியில் தார்கள் வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. மேஸ்திரி சத்தம் போட்டான். எமில்சே ஸ்டிக்கர் சுருளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்ன மச்சான்? நெஞ்சு வலிக்குதா? கத்தி பட்டுருச்சா?"

அவர் சாக்கின் நுனியைக் கையில் பிடித்து அவளிடம் காட்டினார். தண்ணீர் சொட்டியது.

"காய விடாதேன்னு அவ சொல்லியிருக்கா எமில்சே. எழுதி ஒட்டல, அவ்வளவுதான். ஆறு வருஷமா எங்கிட்டச் சொல்லிட்டே இருந்திருக்கா. எனக்குத்தான் கேக்கல."

எமில்சே பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, கம்பியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினான்.